சோடி

பேரிங் என்றால் குண்டுகள் உருளும் வளையம்தான் பலர் நினைவுக்கு வரும். சைக்கிள் கடையில் கிரீஸ் அப்பிக் கிடக்குமே, அது. லாரி இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கில் குண்டு கிடையாது. பாட்டி காலத்துப் பட்டைவளையலை நடுவில் அறுத்தது போல இரண்டு அரைவட்டத் தகடுகள், அவ்வளவுதான். ஒரு பாதி மேலே பிளாக்கில் உட்காரும். மறு பாதி கீழே கேப்பில். இரண்டையும் சேர்த்து போல்ட்டை முறுக்கினால் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் கிராங்க் சுற்றுகிறது. இரும்பு இரும்பின் மேல் உரசுவதில்லை. நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் ஒன்று நிற்கிறது. கிராங்க் மிதப்பது அதன் மேல்.

மேல் பாதியில் ஒரு துளை, துளையைத் தொட்டு ஒரு வாய்க்கால். பிளாக்குக்குள் ஓடிவரும் ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் இறங்கவேண்டும். கீழ்ப் பாதி மொட்டை. மற்றபடி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மாற்றி வைத்தாலும் சத்தம் போடாமல் உட்கார்ந்துகொள்ளும்.

1998இல் எங்கள் லாரியில் ஒருவர் அப்படி மாற்றி வைத்தார்.

வண்டி 1986 மாடல் டாடா 1210. அப்பா 1993இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பது காடு தோட்டம் வைத்திருப்பது மாதிரி. லாபம் வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை, வண்டி ஓடுகிறதா என்றுதான் கேட்பார்கள். எங்களுடையது தாவணகெரேயிலிருந்து கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே இன்ஜின் சூடேறியதும் ஆயில் பிரஷர் முள் கீழே சாய ஆரம்பித்திருந்தது. எங்கள் மேஸ்திரி அந்த வாரம் ஊரில் இல்லை. லோடு காத்திருந்தது. மெயின் பேரிங் மட்டும் மாற்றிவிட்டால் போதும், இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பை இறக்கி அடியில் படுத்தபடியே முடித்துவிடலாம் என்று வேறொரு பட்டறையில் சொன்னார்கள். அப்பா சேலம் போய்ப் பேரிங் செட் வாங்கி வந்தார். கம்பெனிப் பெட்டி, கம்பெனி பில்.

ஏழு சோடி. அதில் ஒன்றில் மேலும் கீழும் இடம் மாறிவிட்டது. துளைக்கு நேரே மொட்டைப் பாதி.

ஸ்டார்ட் செய்ததும் முள் ஜம்மென்று ஏறியது. அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முள் ஏறத்தான் செய்யும். ஏழு மடையில் ஒன்றை அடைத்தால் மற்ற ஆறிலும் தண்ணீர் பெருகாதா? பட்டறையிலிருந்து டீசல் போட பங்க்குக்குப் போன தூரம் ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். பாதி வழியில் அடியிலிருந்து உரலில் இடிப்பது போல ஒரு சத்தம். டிரைவர் ஆக்சிலேட்டரை விடுவதற்குள் இன்ஜின் தானாகவே நின்றது. பிறகு எத்தனை தள்ளியும் கிராங்க் திரும்பவில்லை.

மேஸ்திரி வந்து சம்ப்பைக் கழற்றினார். அந்தப் பேரிங் கிராங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பேரிங் தகடு என்பது ஒரே உலோகம் கிடையாது. முதுகு எஃகு, அதன்மேல் செம்பும் ஈயமும் கலந்த ஓர் அடுக்கு, அதற்கும் மேலே ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த சாம்பல் நிறப் பூச்சு. நல்ல பேரிங் சாம்பலாக, கொஞ்சம் மங்கலாக இருக்கும். செம்பு தெரிந்தால் ஆயுசு முடிந்தது என்று பொருள். எங்களுடையதில் செம்பும் போய் எஃகு நீலம் பாய்ந்திருந்தது. மேஸ்திரி அதை நெம்பி எடுத்து, துளை இல்லாத முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் நீட்டினார்.

"பொருளு ஒரிஜினல்தானுங்க. வெச்சதுதான் டூப்ளிகேட்டு."

அவர் திட்டியது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையைப் பற்றி அவர் வாயெடுக்கவில்லை. அப்பா வாயெடுக்காத நாள் இல்லை.

நம் ஊரில் 'ஒரிஜினல்' என்ற சொல் படும் பாடு தனிக் கதை. ஒரிஜினல் நெய், ஒரிஜினல் ஆர்.சி. புக், ஒரிஜினல் பட்டு. சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடையில் போய் ஒரு பிஸ்டன் செட் கேட்டால் உடனே எதிர்க்கேள்வி வரும்: "கம்பெனியா, லோக்கலா?" கம்பெனி என்றால் லாரி செய்தவனின் பெயர் போட்ட பெட்டி. ஆனால் லாரி செய்தவன் எல்லாவற்றையும் தானே வார்ப்பதில்லை. பிஸ்டன் ஒருவரிடம், ரிங் ஒருவரிடம், பேரிங் இன்னொருவரிடம் வாங்கித்தான் இன்ஜினைப் பூட்டுகிறான். அதே ஆலை தன் சொந்தப் பெயரிலும் பெட்டி போட்டு விற்கும். ஒரே வார்ப்பு, இரண்டு பெட்டி, இரண்டு விலை. இதற்குக் கீழே பெயரில் ஓரெழுத்து மட்டும் மாறிய பெட்டிகள், அதற்கும் கீழே பெயரே இல்லாத பாலிதீன் பைகள். புதுப்பேட்டைக்குப் போனால் நாலாவது வகை கிடைக்கும்: உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பழைய கம்பெனிப் பொருள். பழைய லாரிக்காரன் மனசு பெரும்பாலும் இதில்தான் சாயும். புது டூப்ளிகேட் கிராங்கைவிடத் தேய்ந்த ஒரிஜினல் கிராங்க் மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மேஸ்திரிகளை எனக்குத் தெரியும். பல சமயம் அவர்கள் சொல்வது சரிதான்.

எங்கள் இன்ஜினின் பெயர் 697. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மில்லிமீட்டர். அதற்கு முந்தியது 692, விட்டம் 92. பெயரிலேயே அளவு. இந்த வம்சம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1954இல் டாடா டெய்ம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது; 1969இல் ஒப்பந்தம் முடிந்து முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் இறங்கியது. நட்சத்திரம் போய் வெகுகாலத்துக்குப் பிறகும் எங்கள் பக்கத்துப் பெரிசுகளுக்கு அது 'பென்ஸ் வண்டி'தான். 697இன் விட்டமும் 128 மில்லிமீட்டர் ஓட்டமும் 5,675 சி.சி. கொள்ளளவும் பென்ஸின் ஓ.எம். 352இலிருந்து அப்படியே வந்தவை. எதிர்முகாமில் எண்ணூர் லேலண்ட். அவர்களுடைய 370, 400, 680 எல்லாம் கன அங்குலம். ஆகவே பழைய பட்டறைகளில் இரண்டு ஸ்பேனர் குடும்பங்கள் இருந்தன: லேலண்டுக்கு இன்ச், பென்ஸுக்கு எம்.எம். ஒன்றின் நட்டில் மற்றதைப் போட்டு முனை மழுங்க வைத்த பையனுக்கு அன்றைக்கு டீ கிடையாது. அளவுகளில் மட்டும் இந்தக் கட்சிப் பிரிவு இல்லை. பென்ஸ் கிராங்கை எம்.எம்.மில் அளந்தாலும் லேத்துக்காரர் வாயில் வருவது 'பத்து தவ்', 'இருபது தவ்'தான். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்.

அந்தத் தவ் கணக்கில்தான் கிராங்கின் ஆயுசு இருக்கிறது. தேய்ந்த கிராங்கைக் கல் பிடித்துக் கால் மில்லிமீட்டர் குறைத்து, அதற்கேற்பக் கனமான பேரிங் போடலாம். கால், அரை, முக்கால், ஒன்று. நாலு பிறவி. எங்கள் கிராங்க் ஏற்கெனவே அரையில் இருந்தது, முக்காலுக்குப் போயிற்று. மெயினில் ஒன்று கெட்டாலும் ஏழையும் அதே அளவுக்குக் குறைக்கவேண்டும். அந்த மெயினிலிருந்து ஆயில் வாங்கிக்கொண்டிருந்த, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கும் தாகத்தில் செத்திருந்ததால், ராடுகள் உட்காரும் ஆறு இடமும் கல்லுக்குப் போயின. ஒரு தகடு திரும்பியதற்கு இன்ஜினே இறங்கியது.

லேத் பட்டறைக்கு கிராங்கோடு நானும் போனேன். கிரைண்டிங்கில் அளவைவிட முக்கியம் மூலை என்று மேஸ்திரி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கிராங்கின் உருண்டைப் பகுதி பக்கச்சுவரைத் தொடும் இடம் செங்குத்தாக இருக்கக் கூடாது. சின்ன வளைவோடு சேரவேண்டும். கல்லின் முனையைச் சீவாமல் விட்டால் வளைவு போய்க் கூர்மையான மூலை விழும். அளவு கச்சிதமாக இருக்கும், பளபளவென்று இருக்கும், சில மாதம் ஓடும். பிறகு ஒருநாள் மேட்டில் லோடோடு ஏறும்போது அந்த மூலையிலிருந்து விரிசல் கிளம்பிக் கிராங்க் இரண்டாகும். அவர் லேத்துக்காரரிடம் அளவு எதுவும் சொல்லவில்லை. மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஓட்டிக் காட்டி, "இது இப்படியே இருக்கோணும்" என்றார். லேத்துக்காரர் கோபித்துக்கொண்டார், தனக்கே சொல்லிக்கொடுப்பதா என்று.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம். புத்தகம் படித்த திமிர் கொஞ்சம் இருந்தது. பட்டறையில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கழற்றியதை வரிசையாக வைப்பது. அட்டைப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்து, பன்னிரண்டு ஓட்டை போட்டு, பேனாவால் எண் எழுதி, வால்வுகளை அததன் ஓட்டையில் செருகினேன். புஷ்ராடுகள் தனியாக. பிஸ்டனும் ராடும் சாக்கின் மேல் ஆறு வரிசை. அப்படித் துடைத்து வைக்கும்போதுதான் கவனித்தேன்.

ராடையும் அதன் கேப்பையும் ஆலையில் தனித்தனியாகச் செய்து கொண்டுவந்து சேர்ப்பதில்லை. கடைசித் துளையிடும் வேலையை இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் செய்வார்கள். அந்த வட்டத்தில் பாதி ராடுக்குச் சொந்தம், பாதி கேப்புக்கு. வேறொரு ராடின் கேப்பைக் கொண்டுவந்து வைத்தால் போல்ட் சேரும், வட்டம் சேராது. அதனால்தான் இரண்டிலும் ஒரே எண்ணை அடித்து அனுப்புகிறார்கள். எங்கள் இன்ஜினில் நாலாம் ராடில் ஐந்தாம் எண் கேப் இருந்தது. ஐந்தாம் ராடில் நாலு.

துள்ளினேன் என்றுதான் சொல்லவேண்டும். அதுவரை அந்தப் பட்டறையில் நான் சொல்லி யாரும் ஒரு நட்டைக்கூடத் திருப்பியதில்லை.

"மேஸ்திரி, சோடி மாறிக் கெடக்குது. கம்பெனி நம்பர்ப்படி மாத்திப் போட்டரலாங்களா?"

அவர் வந்து குந்தி உட்கார்ந்தார். எண்களைப் பார்த்தார். பிறகு டீசல் துணியால் ராடின் மறுபக்கத்தைத் துடைத்தார். அங்கே சென்டர் பஞ்ச்சால் அடித்த புள்ளிகள் இருந்தன. நாலாம் ராடில் நாலு புள்ளி. அதோடு இருந்த ஐந்தாம் எண் கேப்பிலும் நாலு புள்ளி. எங்களுக்கு முன்னால் இந்த இன்ஜினைப் பிரித்த எவரோ போட்டது.

பழைய இன்ஜினைத் திறப்பது கல்வெட்டு படிப்பது போலத்தான். பிளாக்கில், கேப்பில், டைமிங் கியரில், ஒவ்வொரு கையும் ஏதோ ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கும். ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் உளியால் கோடு கிழிப்பார், ஒருவர் அரத்தால் காடி போடுவார். யாரும் பெயர் எழுதுவதில்லை.

"இரு கண்ணு. கேட்டுப் பாப்பம்" என்றார்.

"யார்கிட்டீங்க?"

பதில் சொல்லாமல் நாலாம் ராடில் நாலாம் எண் கேப்பை வைத்தார், நான் சொன்னபடி. பேரிங் போடாமல் வெறுமனே. டார்க் ரெஞ்ச்சில் போல்ட்டை இறுக்கினார். என் கட்டைவிரலைப் பிடித்து, வட்டத்தின் உள்ளே ராடும் கேப்பும் சேரும் கோட்டின் மேல் நகத்தை வைத்து ஓட்டச் சொன்னார். நகம் தட்டியது. வாசற்படி ஏறும்போது கால் தடுக்குமே, அது போல. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைக் கழற்றிவிட்டுப் புள்ளி சொன்ன கேப்பை வைத்து இறுக்கினார். நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. கோடு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

நான் விடவில்லை. நகத்தை நம்பி இன்ஜின் பூட்ட முடியாது என்று பாலிடெக்னிக் சொல்லிக்கொடுத்திருந்தது. அவரும் அதைத்தான் நினைத்தார் போலிருக்கிறது. இரண்டு ராடுகளையும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போய் டயல் கேஜ் வைத்து மேல்-கீழ், இடச்சாய்வு, வலச்சாய்வு என்று மூன்று திசையிலும் பார்த்தோம். எண்படிப் பூட்டியபோது முள் நாலு கோடு ஆடியது. ஒரு கோடு, மில்லிமீட்டரில் நூறில் ஒன்று. புள்ளிப்படிப் பூட்டியபோது முள் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

நடந்தது இதுதான். எங்கள் கைக்கு வருமுன் ஏதோ ஒரு பட்டறையில் இந்தச் சோடி தவறுதலாக மாறியிருக்கிறது. மாறியபடியே ராடுகள் லேத்துக்குப் போயிருக்கின்றன. அங்கே சேர்முகத்தைச் சீவி, மறுபடி வட்டமாகத் துளையிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிமிடத்தோடு தவறு தவறாக இல்லாமல் போயிற்று. பிறந்த சோடி பிரிந்து, சேர்த்து வைத்த சோடி வட்டமாகிவிட்டது. அந்த மேஸ்திரி அதைத் தெரிந்தே புள்ளி வைத்திருக்கிறார், பின்னால் என்னைப் போல் எவனாவது வந்து எண்ணைப் பார்த்துத் துள்ளுவான் என்று.

"நம்பரு கம்பெனிக்காரன் போட்டது. புள்ளி வேலை செஞ்சவன் போட்டது. வட்டம் இப்ப புள்ளிகிட்ட இருக்குது" என்றார் எங்கள் மேஸ்திரி.

பத்துப் பொருத்தமும் இருந்து குடும்பம் பொருந்தாமல் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் அந்த உவமைக்குள் நான் போக விரும்பவில்லை. ராடு மனிதனைவிட நேர்மையானது. சேராவிட்டால் நகத்திலேயே சொல்லிவிடும்.

என்னை உறுத்தியது வேறு. ஒன்றைப் போல் ஒன்று, எதற்கு எதையும் மாற்றலாம் என்பதுதான் இயந்திர யுகத்தின் பெருமை. 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் திருகுமரைகளுக்குப் பொது அளவு வகுத்தார். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையின் போல்ட்டும் அந்தப் பட்டறையின் நட்டுக்கு மட்டும்தான். மரையில் தொடங்கிய அந்தப் பொதுமையில்தான் தொழிற்சாலை உலகமே நிற்கிறது. ஆனால் இன்ஜினின் உள்ளறைக்குப் போகப் போக அந்தப் பொதுமை மெல்லக் கரைகிறது. மெயின் கேப் ஏழும் பிளாக்கோடு பூட்டி ஒரே ஓட்டத்தில் துளையிடப்பட்டவை, இடம் மாறக் கூடாது. வால்வு தான் உட்கார்ந்து பழகிய சீட்டைவிட்டு நகரக் கூடாது. டீசல் பம்ப்பில் எலிமெண்ட் என்றொரு சோடி இருக்கிறது, ஊசி போன்ற பிளஞ்சரும் அதன் உறையும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. வாஷரோ ரப்பரோ கிடையாது. தேய்ப்பின் நுணுக்கம் ஒன்றே அத்தனை அழுத்தத்தில் டீசலைத் தடுத்து நிறுத்துகிறது. பெங்களூர் மைக்கோவில் செய்த பம்ப்பானாலும் சரி, ஒரு உறையின் பிளஞ்சரை இன்னொன்றில் போட்டால் இரண்டும் குப்பை.

புதிய இன்ஜின்களில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போய்விட்டார்கள். இப்போது வரும் கனெக்டிங் ராடுகள் பலவற்றை ஒரே துண்டாகச் செய்து, பிறகு வேண்டுமென்றே உடைக்கிறார்கள். உடைத்த பானையின் ஓடு போல, அந்த முறிவின் மேடுபள்ளம் அந்தச் சோடிக்கு மட்டுமே பொருந்தும். அதில் வேறு கேப்பை மாற்றிப் போட முடியாது, லேத்தில் சீவிச் சரிசெய்யவும் முடியாது. மிகக் கச்சிதமான யோசனைதான். எங்கள் நாலாம் ராடுக்குக் கிடைத்த இரண்டாம் கல்யாணம் அவற்றுக்குக் கிடையாது.

பழைய மேஸ்திரிகளைப் பற்றி எழுதும்போது கைராசி, காதாலேயே கண்டுபிடிப்பார், படிக்காத மேதை என்றெல்லாம் ஒரு மெட்டு தானாக வந்து விழும். எனக்கு அது பிடிக்காது. தகட்டைத் திருப்பி வைத்தவரும் படிக்காதவர்தான், அவருக்கும் கை இருந்தது. எங்கள் மேஸ்திரியிடம் இருந்தது மந்திரம் இல்லை, ஒரு சந்தேகம். பெட்டியையும் நம்பமாட்டார், எண்ணையும் நம்பமாட்டார், தன் நகத்தையும் ஓரளவுக்கு மேல் நம்பமாட்டார். புது ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றுவதற்கு முன் வெறும் சிலிண்டருக்குள் இறக்கி, பிஸ்டன் தலையால் தள்ளிச் சமன் செய்து, வாயிடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டு அளப்பார். கம்பெனி ரிங்தானே என்றால், "கம்பெனி ரிங்குக்குத் தெரியுமா இது நம்ம சிலிண்டருன்னு?" என்பார். இடைவெளி போதாமல் போனால் சூட்டில் ரிங் விரிந்து முனையும் முனையும் முட்டும். பிறகு சிலிண்டர் முழுக்கக் கீறல். பேரிங் வைத்ததும் ஆயில் துளையில் மெல்லிய கம்பியை விட்டு மறுபக்கம் வருகிறதா என்று பார்ப்பார். இதை அவர் எங்கள் விபத்துக்குப் பிறகு தொடங்கவில்லை. அதற்கு முன்பே அப்படித்தான்.

வால்வு லேப்பிங் எனக்குத் தரப்பட்டது. பன்னிரண்டு வால்வு, இரண்டு நாள். ரப்பர் கிண்ணம் ஒட்டிய குச்சியை வால்வின் தலையில் பதித்து, சீட்டில் அரைக்கும் பேஸ்ட்டைத் தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டவேண்டும். தீக்கடைகோலில் நெருப்பு எடுப்பவர்கள் செய்வார்களே, அதே அசைவு. அவ்வப்போது தூக்கிக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி. முதலில் சொரசொர பேஸ்ட், பிறகு மாவு போன்றது. ஒரே இடத்தில் உருட்டிக்கொண்டிருந்தால் கோடு விழும். கை சலித்து மரத்துப் போகும் நேரத்தில் சத்தம் மாறுகிறது. மணலை மிதிப்பது போலிருந்தது பட்டுத்துணி உரசுவதாகிறது. துடைத்துப் பார்த்தால் வால்வின் ஓரத்தில் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், எங்கும் அறுபடாமல். ஹெட்டைச் சாய்த்துப் போர்ட்டில் டீசல் ஊற்றி, டீ குடித்துவிட்டு வந்து பார்ப்போம். கசிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒன்பதாவது வால்வை நான் நாலு முறை செய்தேன். இன்றுவரை எக்ஸாம் எதிலும் அப்படி ஒரு வெட்கமும் அப்படி ஒரு பெருமையும் எனக்கு வந்ததில்லை.

பிளாக்கை மட்டும் ஒன்றும் செய்யவில்லை, கழுவியதோடு சரி. ஆர்.சி. புக்கில் எழுதியிருப்பது பிளாக்கில் வெட்டிய எண். பிஸ்டன், கிராங்க், ஹெட், பம்ப் எல்லாம் மாறலாம். சட்டத்துக்கு அந்த எண் உள்ள இரும்புதான் இன்ஜின். பிளாக் வெடித்தாலும் புது பிளாக் வாங்காமல், விரிசல் நெடுகத் துளை போட்டு ஆணி முறுக்கித் தைத்து ஓட்டுவதற்கு விலை மட்டும் காரணமில்லை, ஆர்.டி.ஓ. ஆபீஸும் ஒரு காரணம். ஒரிஜினல் என்பது அரசாங்கத்துக்கு ஓர் எண், கடைக்காரருக்கு ஒரு பெட்டி. சாக்கின் மேல் ஆறு ராடும் கிடந்த அந்த மத்தியானம் எனக்கு அந்தச் சொல்லை எங்கே வைப்பதென்றே புரியவில்லை. நாலில் இருந்த ஐந்தாம் கேப் கம்பெனிப் பொருள், இடம் ஒரிஜினல் இல்லை, வட்டம் ஒரிஜினல்.

பூட்டும் நாளில் மேஸ்திரி யாரோடும் பேசமாட்டார். போன் வந்தாலும் எடுக்கமாட்டார். போன் பக்கத்து டீக்கடையில்தான் இருந்தது என்பது வேறு விஷயம். ராடுகளைப் பூட்டுவதற்கு முன் பெரிய உளியை எடுத்து, நாலிலும் ஐந்திலும் சேர்முகத்தின் குறுக்கே ஒரே வெட்டு வெட்டினார். கோட்டின் பாதி ராடில், பாதி கேப்பில். கம்பெனி எண்ணை அரம் போட்டு அழித்துவிடலாமே என்று கேட்டேன்.

"அது எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளியே வெளியே, சுழிக்கோலம் போடுவது போல, மூன்று சுற்றில் இறுக்கினார். ஆயில் ஊற்றியதும் ஸ்டார்ட் செய்யவில்லை. பம்ப்பின் ஸ்டாப் லிவரை இழுத்துக் கட்டிவிட்டு, டீசல் போகாமல் செல்ஃபை மட்டும் விட்டு விட்டு அடிக்கச் சொன்னார். கிராங்க் சும்மா சுற்றியது. முள் படுத்தே கிடந்தது. பேட்டரி திணறும்போது நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ முள் ஒரு சிட்டிகை எழுந்தது. அதற்கப்புறம்தான் லிவரை அவிழ்த்தார். கேபினுக்குள் டிரைவர் பக்கத்தில் புடைத்துக்கொண்டிருக்கும் பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். சூடு வரக் காத்திருந்தாரா, சத்தம் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. குளிர் ராத்திரிகளில் கிளீனர் பையன் படுத்துத் தூங்கும் இடம் அது.

வண்டி அதற்கப்புறம் பத்து வருடம் எங்களிடம் ஓடியது. நடுவில் ஒருமுறை நாசில், ஒருமுறை கிளட்ச், இன்ஜின் இறங்கவில்லை. 2008இல் அப்பா விற்றார். மேஸ்திரி அதற்கு இரண்டு வருடம் முன்பே தவறிவிட்டார். இன்றைக்கு அந்தப் பட்டறை இருந்த இடத்தில் லேப்டாப்பைச் செருகிக் கோளாறு படிக்கும் சர்வீஸ் சென்டர் இருக்கிறது. 2020இலிருந்து வரும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளுக்கு அது இல்லாமல் முடியாது. அதைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. அந்தப் பையன்களும் டார்க் ரெஞ்ச் பிடிக்கிறார்கள்.

விற்று ஒரு வருடம் கழித்து ஒரு மத்தியானம் அப்பா போனை என்னிடம் நீட்டினார். "சங்ககிரியில இருந்து. நம்ம பழைய வண்டிய இன்ஜின் இறக்கியிருக்காங்களாம். எனக்கு இதெல்லாம் தெரியாது, நீ பேசு."

எதிர்முனையில் வயதான குரல். "ஏனுங் தம்பி, நாலுலயும் அஞ்சுலயும் நம்பரு மாறிக் கெடக்குது. புள்ளி ஒண்ணு சொல்லுது. உளிக்கோடு வேற ஒண்ணு இருக்குது. எதைங்க பாக்கறது?"

"நம்பரப் பாக்காதீங்க. கோட்டப் பாருங்க. கோடும் புள்ளியும் ஒண்ணுதான்" என்றேன். லேத், டயல் கேஜ், நாலு கோடு என்று முழுக்கதையையும் சொல்ல ஆரம்பித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "ஆமாங், நகத்துல வெச்சுப் பாத்தேன், புள்ளிதான் சேந்துச்சு. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு" என்று சொல்லி வைத்துவிட்டார்.